அறையை மாற்றுங்கள், அப்புறம் நிலத்தைப் பற்றிப் பேசலாம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். கொஞ்சம் காடு இருக்கிறது, அதில்தான் அப்பா பாடுபடுகிறார். போன மாதம் நெஞ்சு வலி என்று மதுரைக்குக் கூட்டிவந்து ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள். தனியார் ஆஸ்பத்திரி எஸ்டிமேட் 5,20,000 ரூபாய். நான் கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி எடுத்துக்கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் 4 லட்சத்துக்கு இருக்கிறது, அப்பா அம்மாவும் அதில் உண்டு, ஆனால் அவர்களுக்கு 20 சதவீதம் நாங்கள் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் 2,88,000தான் வரும் என்கிறார்கள். நாலு லட்சத்துக்குப் பாலிசி இருந்தும் மூன்று லட்சம்கூட வராதா? மீதியை ஐந்து வட்டிக்குத் தர ஒருவர் தயாராக இருக்கிறார், இல்லையென்றால் காட்டில் ஒரு பகுதியை விற்க வேண்டும். என் சம்பளம் போன நவம்பரில் 21,000 ரூபாயைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) போய்விட்டது. பெரியாஸ்பத்திரி என்றாலே அம்மா அழுகிறார். என்ன செய்ய?
(ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்த கடிதம்)

பதில்: தம்பி, பணத்துக்கு முன்னால் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள். எத்தனை நாள் பொறுக்கலாம்? லெஃப்ட் மெயின் என்று சொல்கிற பெரிய குழாயில் அடைப்பு இருந்தாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, இதற்குக் கீழே நான் எழுதியிருப்பதையெல்லாம் விட்டுவிட்டு உடனே சேர்த்துவிடுங்கள். மாத்திரையோடு இரண்டு மூன்று வாரம் பொறுக்கலாம் என்று அவர் சொன்னால் மேலே படியுங்கள்.

நீங்கள் அனுப்பியிருக்கிற எஸ்டிமேட் நகலைப் பார்த்தேன். தனி ஏ.சி. அறை, நாளுக்கு 8,000 வீதம் ஐந்து நாள், 40,000. ஐ.சி.யூ. 45,000. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 2,40,000. மருந்து, டெஸ்ட், தையல் சாமான் வகையறா 1,75,000. இன்சூரன்ஸ் எப்போதும் தராத உதிரிச் செலவு 20,000. உங்கள் பாலிசியில் அறை வாடகைக்குப் பாலிசித் தொகையில் ஒரு சதவீதம் என்று வரம்பு இருக்கிறது, அதாவது நாளுக்கு 4,000. நீங்கள் கேட்டிருப்பது (அல்லது அவர்களாகவே போட்டுவிட்டது, பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்) அதைப்போல இரண்டு மடங்கு. மிச்ச வாடகை 20,000-ஐக் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் வாடகையில் பாதிதான் உங்களுக்கு உரிமை என்றால், சர்ஜன் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் பாதியைத்தான் இன்சூரன்ஸ்காரர் ஏற்பார். 2,40,000-இல் 1,20,000 அங்கேயே போயிற்று. அதோடு உதிரிச் செலவும் மிச்ச வாடகையும் போக, எஞ்சிய 3,60,000-இல் உங்கள் பங்கு 20 சதவீதம் கழிந்தால் சரியாக 2,88,000. டெஸ்க்கில் இருப்பவர் தப்பாகக் கணக்குப் போடவில்லை, ஆனால் ஏன் என்று உங்களுக்குச் சொல்லவும் இல்லை.

இப்போது 4,000 ரூபாய் அறைக்கு அல்லது இருவர் படுக்கும் அறைக்கு மாற்றிப் பாருங்கள். மற்ற செலவெல்லாம் அப்படியே இருந்தாலும் பில் 5,00,000 ஆகும், அதில் ஏற்கத்தக்கது 4,80,000, அதில் 20 சதவீதம் போக 3,84,000 வரும். கையிலிருந்து போவது 2,32,000-க்குப் பதில் 1,16,000, நேர் பாதி. சில நிறுவனங்கள் முதலில் நாலு லட்சம் என்று உச்சவரம்பைப் போட்டுவிட்டு அப்புறம் 20 சதவீதம் கழிக்கும், அப்படியானால் 3,20,000தான் வரும். உங்கள் பாலிசியில் எந்த வழக்கம் என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அநேக ஆஸ்பத்திரிகளில் அறை இறங்கினால் சர்ஜன் ஃபீசும் இறங்கும், அது தனி லாபம். இன்னொன்றும் கவனியுங்கள்: மருந்து, டெஸ்ட், உள்ளே வைக்கும் கருவி, ஐ.சி.யூ. இவற்றில் இந்த விகிதக் கழிவைப் போடக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. கடைசி பில்லில் அப்படிப் பிடித்திருந்தால் சண்டை போடலாம்.

அப்பாவைப் போய்ச் சாதாரண அறையில் போடுவதா என்று வீட்டில் யாராவது முகம் சுளிப்பார்கள். மதுரைக்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் பணம் கட்டுபவருக்கும் இலவசமாக வருபவருக்கும் அறைதான் வேறே தவிர, ஆபரேஷன் செய்வது அதே டாக்டர்கள்தான்.

அடுத்து இ.எஸ்.ஐ. உங்கள் கடிதத்தில் இந்த ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சம்பளம் 21,000-ஐத் தாண்டிய அன்றே இ.எஸ்.ஐ. நின்றுபோகாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடிகிறவரை சந்தா பிடித்தாக வேண்டும். நீங்கள் நவம்பரில் தாண்டியிருக்கிறீர்கள், ஆக மார்ச் வரை சந்தா போயிருக்க வேண்டும். அந்தச் சந்தாவுக்கான பலன் காலம், அதாவது அதை வைத்துச் சிகிச்சை பெறக்கூடிய காலம், ஜூலை முதல் டிசம்பர் வரை. நாம் இப்போது ஆகஸ்டில் இருக்கிறோம், தம்பி! இன்றே சம்பளச் சீட்டுகளை எடுத்து நவம்பர் முதல் மார்ச் வரை இ.எஸ்.ஐ. பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் அது கம்பெனியின் தவறு, ஹெச்.ஆரிடம் கேளுங்கள், நகராவிட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். பிடித்திருந்தால், வருமானம் அதிகமில்லாத பெற்றோரும் குடும்பத்தில் சேர்த்திதான் என்பதால், இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலிருந்து ரெஃபரல் வாங்கி அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்ய வழியுண்டு. இதய ஆபரேஷன் மாதிரியான பெரிய சிகிச்சைக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் சந்தா என்று நிபந்தனை இருக்கிறது, அதைக் கிளை அலுவலகத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அட்மிஷன் போடும் முன்பே இதை முடிக்க வேண்டும்.

அப்பா அம்மா தனி ரேஷன் கார்டில் இருக்கிறார்களா? எழுதவில்லை நீங்கள். இருந்தால், அந்தக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார், இவற்றோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். உங்களோடு ஒரே கார்டில் இருந்தால் விட்டுவிடுங்கள், இதற்காக இப்போது கார்டைப் பிரிக்கக் கிளம்பினால் அது முடிவதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் மனதில் இருக்கிற பெரியாஸ்பத்திரி பழைய காலத்து வராந்தாவும் பாயும். ராஜாஜி அரசு மருத்துவமனையில் இதய அறுவைசிகிச்சைக்குத் தனித் துறையே இருக்கிறது, பைபாஸ் அங்கே புதிதல்ல. வரிசை நீளம், கூட இருப்பவருக்கு வசதி குறைவு, இரண்டும் உண்மை. ஆஞ்சியோ சி.டி.யை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் பனகல் சாலையில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் தேதி எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு வாருங்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டே போங்கள். வேண்டாம் என்றாலும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்றோ ஒன்றரையோ லட்சம் குறைந்தால்? கம்பெனி பாலிசியில் ‘கார்ப்பரேட் பஃபர்’ என்று பொதுவாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கலாம், கேட்டால்தான் தருவார்கள். பி.எஃப்.பில் பெற்றோர் சிகிச்சைக்கு எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து இதய ஆபரேஷனுக்கு ஒரு பகுதி தருவார்கள், ஆஸ்பத்திரி அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், எம்.பி. கடிதத்தோடு ஆபரேஷனுக்கு முன்பே விண்ணப்பியுங்கள், பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகும். உங்கள் பக்கம் மொய் நோட்டு இல்லாத வீடு இல்லை. வெளியே நிற்கிற மொய்யில் நெருங்கிய நாலு பேரிடம் இப்போதே கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பற்றாததற்கு நகையை வங்கியில் வையுங்கள். ஐந்து வட்டி மட்டும் வேண்டாம். 2,32,000-க்கு மாதம் 11,600 வட்டி, உங்கள் சம்பளத்தில் பாதி, அசலில் ஒரு ரூபாய் குறையாது. அவசரத்துக்கு விற்கிற நிலத்தை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள், அதனால் அதைக் கடைசியில் வையுங்கள். ஆனால் கந்துவட்டியா காடா என்று வந்துவிட்டால் காட்டை விற்பதே மேல் என்பேன்.

கேள்வி: மேலூரில் என் மாமாவுக்கு ஸ்டென்ட் வைக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உண்டு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிதான். ஆனால் ‘அட்டையில் வருவது சாதா ஸ்டென்ட், நல்லது வேண்டுமென்றால் 60,000 கட்டுங்கள், ரசீது தரமாட்டோம்’ என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ரசீது இல்லை என்ற சொல்லிலேயே விஷயம் தெரிந்துவிட்டதே! திட்டத்தில் அனுமதி வாங்கிய சிகிச்சைக்குத் தனியாகக் கைநீட்டக் கூடாது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் அரசு நிர்ணயித்த உச்ச விலையே 30,000-க்குள்தான், அப்புறம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் 60,000-க்கு வெகு கீழேதான் நிற்கிறது. 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் பேசி அட்டை எண்ணைச் சொல்லிப் புகார் செய்யுங்கள். ஆஸ்பத்திரியிலேயே திட்டத்துக்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவர் முன்னால் நின்று பேசினால் பாதி இடங்களில் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: வாடிப்பட்டி. ஆறு வருஷமாக விடாமல் பிரீமியம் கட்டுகிறேன். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு க்ளெய்ம் போட்டால், ‘ரத்த அழுத்தம் இருந்ததைச் சேரும்போது மறைத்துவிட்டீர்கள்’ என்று மொத்தத்தையும் மறுத்துவிட்டார்கள்.

பதில்: தொடர்ந்து ஐந்து வருஷம், அதாவது 60 மாதம், பிரீமியம் கட்டிவிட்டால் அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தாலொழிய மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு எட்டு வருஷமாக இருந்ததை 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். இதைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுபடியும் மறுத்தார்கள் என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்து முடிவு சொல்பவர்) போகலாம். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம், ஆனால் மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் போயாக வேண்டும். பாலிசி நகல், ஆறு வருஷப் பிரீமியம் ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மறுப்புக் கடிதம், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அதை அனுப்புங்கள், அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.