சொகுசுக் கப்பல்கள் ஊர் ஊராகப் போகும்போது சாப்பாட்டுப் பொருட்களை எங்கே வாங்குகின்றன?

ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் துறைமுகத்தில்தான் பெரும்பாலான சரக்கு ஏறும். கரீபியன் பயணங்களுக்கு மயாமி, மத்தியதரைக் கடலுக்கு பார்சிலோனா போன்ற இடங்கள். காலையில் பழைய பயணிகள் இறங்கி, மாலையில் புதியவர்களோடு கப்பல் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் லாரிச் சரக்கு முழுவதும் உள்ளே போயாக வேண்டும்.

சரி, ஐரோப்பாவில் ஓடும் அமெரிக்கக் கப்பல் என்ன செய்யும்? உறைய வைத்த இறைச்சியை அமெரிக்காவிலிருந்தே குளிர்பதனக் கன்டெய்னரில் வரவழைப்பதும் உண்டு. வீண்செலவாகத் தெரியலாம். ஆனால் மொத்தக் கொள்முதலில் விலை குறையும்; ஆயிரக்கணக்கான தட்டுகளிலும் ஒரே தரம், ஒரே ருசி இருக்கும். கீரை, பழம், பால் அத்தனை நாள் தாங்காது. அவற்றை அந்தந்தப் பகுதியில் வாங்குவார்கள்.

நம் வீட்டுக் கணக்கும் இதுதானே! அரிசி, பருப்பு மாத மளிகையில்; கொத்தமல்லி தெருமுனைக் கடையில்.

அப்புறம், கப்பல் நிற்கும் ஒவ்வொரு ஊரிலும் சமையல்காரர் பையோடு சந்தைக்குப் போவார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போவது அபூர்வம், போனாலும் ஏதோ ஒரு சிறப்பு விருந்துக்குத்தான்.