சபை மண்டபத்தைக் கல்லூரிக்குக் கேட்டால் தருவார்களா?

தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் போதவில்லை, பக்கத்து உள்ளூராட்சிச் சபையின் மண்டபம் வாரநாட்களில் பூட்டிக் கிடக்கிறது, கேட்டால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல் போதனாசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

கிடைக்கும். ஆனால் வாய்ப்பேச்சில் வாங்கிவிடாதீர்கள்.

திருகோணமலையில் தையல் கற்பித்தவள் நான். 2022இல் ஒரு சபையின் தவிசாளரைச் சந்தித்துக் கேட்டோம். உடனே சம்மதித்தார். செவ்வாயும் வியாழனும் மண்டபம் எங்களுக்கு. சனிக்கிழமைகளில் எங்கள் தையல் இயந்திரங்கள் அந்தப் பகுதிப் பெண்களுக்கு. மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. 2023 மார்ச்சில் நாடு முழுவதும் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் செயலாளர் கைக்கு வந்தது. அவர் கோப்பைப் புரட்டினார். எங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவில் புது ஆமைப்பூட்டு. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பஸ் ஏறி வந்த பிள்ளைகள், வெட்டிய துணிகளை மடியில் வைத்தபடி படிக்கட்டில் இருந்தார்கள். “ரீச்சர், எங்களில் ஏதும் பிழையா?” என்று ஒருத்தி கேட்டாள். பூட்டில் விலைச்சீட்டுக்கூட உரியாமல் இருந்தது.

செயலாளரைத் திட்டுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்காய்வில் மின்பட்டியலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். எழுத்தில் வாங்காதது எங்கள் பிழை.

பிறகு முறைப்படி அனுமதி கேட்டோம். எங்கள் நிலையம் மத்திய அமைச்சின் கீழ், சபை மாகாண நிர்வாகத்தின் கீழ். அதனால் கடிதம் கொழும்புக்கும் போக வேண்டியிருந்தது. தமிழில் எழுதினோம், பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன்பின் பிறந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நானோ ஒரு பக்கக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்தேன். கேட்ட கேள்விக்கு இது வேண்டாத கதைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2025 மே தேர்தலுக்குப் பின் சபைகளில் மறுபடி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சபைத் தீர்மானமாகவே நிறைவேற்றிக் கேளுங்கள். மின்கட்டணத்தில் யார் பங்கு எவ்வளவு, கதிரை உடைந்தால் யார் திருத்துவது, அதே நாளில் கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டால் எத்தனை நாள் முன்பு உங்களுக்குச் சொல்வது என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பூட்டின் திறப்பு ஒன்று உங்கள் நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.