மென்பொருள் ஆளுக்குக் கலை ரெசிடென்சியில் என்ன வேலை?

“கலை தெரியாது, மென்பொருள்தான் தெரியும். நகரத்து இயற்கை, பண்பாடு, டிஜிட்டல் மாற்றம் என்று தலைப்பு வைத்து நடத்தும் ரெசிடென்சிக்கு நான் விண்ணப்பிக்கலாமா? அங்கே எனக்கு என்ன வேலை இருக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். (ரெசிடென்சி என்றால், கலைஞர்கள் ஓரிடத்தில் சில காலம் தங்கி ஒரு படைப்பை உருவாக்கும் ஏற்பாடு.) உங்களை யாரோ ஒரு கலைஞர் “நீயும் வா, நாம சேர்ந்து செய்யலாம்” என்று கூப்பிட்டிருக்க வேண்டும். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

விண்ணப்பியுங்கள். ஆனால் உங்கள் வேலை என்ன, கடைசியில் உங்கள் பெயர் எங்கே வரும் என்ற இரண்டையும் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

நான் போனது மூன்று மாத ரெசிடென்சி. எது என்று சொல்லப் போவதில்லை. ஒரு நடனக் கலைஞர், வௌவால்களை ஆராயும் ஒரு சூழலியலாளர், அப்புறம் நான். ஒரு கால்வாய்க் கரையில் பழைய தெருவிளக்குகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தார்கள். வெளிச்சம் மாறியதும் இரவில் அங்கே என்ன மாறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் திட்டம்.

முதல் இரண்டு வாரம் அந்த நடனக் கலைஞர் கரையில் சும்மா நடந்துகொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் முதல் நாளே நான்கு ஒலிப்பதிவுக் கருவிகளைக் கம்பங்களில் கட்டிவிட்டேன். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு, அதாவது விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு, நின்றுவிடும். பூச்சி தின்னும் வௌவால்களின் குரல் பெரும்பாலும் அதற்கு மேலே. அதைப் பிடிக்க ஒலியை விநாடிக்கு 2,50,000 முறை அளந்து பதிய வேண்டும். மணிக்கு 1.8 ஜிபி, பத்து மணி நேர இரவுக்கு ஒரு கருவியிலேயே 18 ஜிபி. அத்தனையையும் உட்கார்ந்து கேட்க முடியாது என்பதால், 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே எவ்வளவு சத்தம் என்று மட்டும் எண்ணும் ஒரு நிரலை எழுதினேன்.

வரைபடம் அழகாக வந்தது. இருட்டியதும் கோடு ஏறும், விடிந்ததும் இறங்கும். கரையில் பெரிய வௌவால் கூட்டம் இருக்கிறது என்று வாராந்திரக் கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

சூழலியலாளர் மட்டும் கைதட்டவில்லை. ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் சத்தம் என்று காட்டும் படத்தை, திறக்கச் சொன்னார். வௌவால் குரல் என்றால் மேலிருந்து கீழே சரியும் சின்னச் சின்னக் கீற்றுகளாக இருக்கும், பூச்சியை நெருங்க நெருங்கக் கீற்றுகள் நெருக்கமாகும். என் திரையில் இருந்ததோ இரவு முழுக்க நேராக ஓடும் ஒரே கோடு. “இது உயிருள்ளது போட்ட சத்தம் இல்லை” என்றார். விளக்கைப் பராமரிக்கும் தொழிலாளரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு கம்பத்தின் பெட்டியைத் திறந்து விளக்கைப் பத்து நிமிடம் அணைத்தார். கோடு போய்விட்டது. எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சுற்று, நம் காதுக்கு எட்டாத இடத்தில் கீச்சிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. விளக்கும் இருட்டியதும் எரியும், விடிந்ததும் அணையும். வௌவாலுக்கும் அதே ஷிஃப்ட் என்பதால் ஏமாந்துவிட்டேன்.

(அனுபவமுள்ளவன் இப்படித் தவறுவானா என்று கேட்பவர்களுக்கு: தவறுவான். வரைபடம் தான் எதிர்பார்த்த மாதிரியே வந்தால் யாரும் மூலப் பதிவைத் திறந்து பார்ப்பதில்லை.)

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தபோது நடனக் கலைஞர்தான், “இதுதான் நம்ம வேலை, விளக்கு கத்துறதுதான்” என்றார். 1966 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ‘9 ஈவினிங்ஸ்’ என்ற கலை-தொழில்நுட்ப நிகழ்ச்சிகள் பற்றிச் சொன்னார். பெல் லேப்ஸ் என்ற அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடத்தின் பொறியாளர் பில்லி க்ளூவர் சேர்த்துவிட்ட 10 கலைஞர்கள், ஏறக்குறைய 30 பொறியாளர்கள். அதில் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்க் ஒரு டென்னிஸ் ஆட்டம் வைத்தார். மட்டைக்குள் மைக். பந்தை ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒரு விளக்கு அணையும், இருட்டும்வரை ஆட்டம். நாங்களும் ஏறக்குறைய அதையே செய்தோம். பார்வையாளர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக் கரையில் நடப்பார்கள். மேலே உள்ள ஒலியைக் காதுக்கு எட்டும் இடத்துக்கு இறக்கிக் கொடுப்பது என் நிரல். முதலில் விளக்குகளின் கீச்சொலி மட்டும்தான் கேட்கும். அந்தத் தொழிலாளர் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருவார். கீச்சொலி மெலிய மெலிய, அடியில் டிக் டிக் என்று வௌவால்கள். அவை அங்கேயேதான் இருந்திருக்கின்றன, எண்ணிக்கையில்தான் கொஞ்சம்.

காட்சிப் பலகையில் நடனக் கலைஞர் பெயர் பெரிதாக, சூழலியலாளர் பெயர் அடுத்து. என் பெயர் கீழே, “தொழில்நுட்ப உதவி”. ரெசிடென்சியில் நாங்கள் தங்கியிருந்த வீட்டில் வைஃபை நின்றால் என் கதவு, பிரிண்டர் சிக்கினால் என் கதவு. பலகையிலும் அதே மரியாதைதான். கலைஞர்கள் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம். அந்த யோசனை நடனக் கலைஞருடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தப்பு என்னுடையது, அது இல்லாமல் யோசனை எங்கிருந்து வந்திருக்கும்?

இதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் கண்காணிப்புக் கேமராவை மறைக்கிறது என்று போன வருடம் ஒரு முழு மரத்தை வெட்டினார்கள். கேமராவை ஒரு முழம் தள்ளி மாட்டலாம் என்றேன். ஒயர் எட்டாது என்றார்கள். இப்போது அந்தக் கேமராவில் வாகன நிறுத்தம் தெளிவாகத் தெரிகிறது, அடிக்கிற வெயிலில் அங்கே வண்டி நிறுத்தத்தான் ஆள் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போவதற்கு முன் மியர்ல் லாடர்மன் யூக்லஸ் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். 1977 முதல் நியூயார்க் துப்புரவுத் துறையில் சம்பளமில்லாத ரெசிடென்சிக் கலைஞர். 1979-80இல் அந்தத் துறையின் தொழிலாளர்கள் ஏறக்குறைய 8,500 பேருக்கும் நேரில் போய்க் கைகொடுத்து, நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி சொன்னார். அதுதான் அவருடைய படைப்பு. நான் அவரைப் பற்றிப் படித்தது ரெசிடென்சி முடிந்த பிறகு. படித்த அன்று எங்கள் காட்சிப் பலகையின் புகைப்படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பெயரின் எழுத்தளவைப் பற்றி ஒரு வருடம் புலம்பியிருக்கிறேன். விளக்கை அணைத்தவர் பெயர் அதில் எங்குமே இல்லை.