சைனஸ் ஆபரேஷன் எனக்கு அவசியமா?

கேள்வி: எனக்கு வயது 36. மதுரைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிப் பெங்களூரு வந்தபின்தான் இந்தத் தொல்லை. ராமமூர்த்தி நகரில் வசிக்கிறோம். காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு. நாள் முழுக்கத் தொண்டையில் சளி இறங்கிக்கொண்டே இருப்பது போலிருக்கும். மாதம் இரண்டு மூன்று முறை வலது கண்ணுக்கு மேல் விண்விண்ணென்று தெறிக்கும். அன்றைக்கு வெளிச்சமே ஆகாது, குமட்டும். சி.டி. ஸ்கேனில் 'கன்ன சைனஸில் சவ்வுத் தடிப்பு, மூக்குத் தண்டு வளைவு' என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்கு ஓடுவதால் தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறார் என் மாமியார். நான்கு மாதமாக ராத்திரி மூக்கில் சொட்டு மருந்து விடாமல் தூக்கமே வருவதில்லை. ஆபரேஷன் அவசியமா டாக்டர்? என் 7 வயது மகனும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான், குறட்டை வேறு. அவனுக்கும் சைனஸா?
- வாசகி, பெங்களூரு

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷனுக்கு இப்போது அவசரம் எதுவும் தெரியவில்லை. உங்களுக்கு அலர்ஜி இருக்கிறது, சொட்டு மருந்தால் வந்த அடைப்பு இருக்கிறது, தலைவலி பெரும்பாலும் மைக்ரேன். இந்த மூன்றையும் ஆபரேஷன் குணப்படுத்தாது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால், மூக்குக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சைனஸ் எல்லோருக்கும் உண்டு. மூக்கைச் சுற்றியிருக்கும் எலும்புகளுக்குள் உள்ள காற்றறைகள் அவை. மொத்தம் நான்கு ஜோடி. கன்னத்தில் இருப்பதுதான் பெரியது, பெரியவர்களுக்குச் சுமார் 15 மில்லி கொள்ளும். நெற்றியில் ஒரு ஜோடி. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் சின்னச் சின்ன அறைகளாக ஒரு கூட்டம். கண்குழிக்கும் இதற்கும் நடுவில் இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு மட்டுமே. நான்காவது ஜோடி தலையின் நட்டநடுவில், கண் நரம்பையும் பிட்யூட்டரி சுரப்பியையும் ஒட்டி இருக்கிறது. எல்லாம் பிறக்கும்போதே முழுதாக இருப்பதில்லை. நெற்றி சைனஸ் எக்ஸ்ரேயில் தெரியவே 6, 7 வயது ஆகும். ஆகவே மூன்று வயதுக் குழந்தையின் நெற்றிவலிக்கு நெற்றி சைனஸைக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட் சொல்வது கன்ன சைனஸை. இதன் அமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. கூரையை ஒட்டி ஒரே ஒரு சின்ன வென்டிலேட்டர் வைத்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் வாசல் அப்படித்தான், உள்சுவரில் மேல்பக்கம் இருக்கிறது. அகலம் சில மில்லிமீட்டர்தான். நாம் நிமிர்ந்து நிற்கும்போது உள்ளே சுரக்கும் சளி தானாக வழிந்து வெளியே வர வழியே இல்லை. பிறகு எப்படி வருகிறது? உள்சவ்வு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வினாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்கும். எல்லாம் ஒரே திசையில் அடித்து, சளிப்படலத்தைத் தரையிலிருந்து சுவரோடு மேலேற்றி வாசலுக்குக் கொண்டுபோய் விடுகின்றன. தூசி, கிருமி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். நாம் தூங்கும்போதும் இந்த வேலை நிற்பதில்லை.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தைச் சேர்ந்த வால்டர் மெசர்க்ளிங்கர் என்ற மருத்துவர் இந்த ஓட்டத்தை எண்டோஸ்கோப் (மூக்குக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) வழியே பொறுமையாகப் பார்த்து 1970களில் விளக்கினார். அதற்கு முன்பெல்லாம் கன்ன சைனஸில் சீழ் கட்டினால் அடிப்பக்கத்தில் ஒரு துவாரம் போடுவது வழக்கம். கீழே ஓட்டை போட்டால் வடிந்துவிடும் என்ற கணக்கு. ஆனால் நுண்மயிர்கள் அந்தப் புது ஓட்டையைச் சட்டை செய்வதில்லை. சளியை அதைத் தாண்டி மேலே, இயற்கையான வாசலுக்கேதான் கொண்டுபோகின்றன. அதனால்தான் இன்றைய எண்டோஸ்கோப் ஆபரேஷன் அந்த இயற்கை வாசலைத் தேடிப்போய் அகலப்படுத்துகிறது. சைனஸை வழித்து எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

சரி, வாசல் எதனால் அடைபடுகிறது? கன்னம், நெற்றி, முன்பக்கத்துச் சின்ன அறைகள் மூன்றும் மூக்கின் பக்கச் சுவரில் உள்ள ஒரே குறுகிய சந்தில்தான் வந்து திறக்கின்றன. ஜலதோஷமோ அலர்ஜியோ வந்து அந்தச் சந்தின் சவ்வு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வீங்கினாலே போதும், பாதை அடைத்துக்கொள்ளும். உள்ளே காற்றோட்டம் நின்றுபோய் நீர் தேங்கும், நுண்மயிர்கள் மந்தமாகும், கிருமிக்கு வசதியாகிவிடும். ஆக, முதலில் கவனிக்க வேண்டியது மூக்கை.

உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். உச்சந்தலையில் ஊற்றிய தண்ணீர் சைனஸுக்குள் இறங்க வழி கிடையாது; நடுவில் எலும்பு இருக்கிறது. உள்ளே தேங்குவது அந்தச் சவ்வே சுரக்கும் நீர். ஆனாலும் அவர் பேச்சைத் தட்ட வேண்டாம். அலர்ஜி மூக்குக்குக் குளிர்காற்று ஆகாது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரில், காலைக் குளிரில் ஈரத்தலையோடு டூவீலரில் போனால் மூக்கு ஒழுகத்தான் செய்யும். தலையைத் துவட்டிக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆவி பிடித்தால் இதமாக இருக்கிறதென்றால் பிடிக்கலாம், ஆனால் அது நோயை மாற்றிவிடாது. கொதிக்கும் பாத்திரத்தை மடியிலோ குழந்தைகள் பக்கத்திலோ வைக்காதீர்கள். அப்படி வெந்துபோய் வரும் பிள்ளைகளைப் பார்ப்பது கொடுமை.

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கண்டு கலங்க வேண்டாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தலையை ஸ்கேன் எடுத்தாலும் சைனஸில் கொஞ்சம் சவ்வுத் தடிப்பு தெரிவது சகஜம். ஜலதோஷம் பிடித்த வாரத்தில் எடுத்தால் இன்னும் அதிகமாகவே தெரியும். மூக்குத் தண்டு, அதாவது இரண்டு துளைகளுக்கும் நடுவில் உள்ள சுவர், வளைந்திருப்பதும் அப்படித்தான். அளந்து வைத்தது போல நேராக இருப்பவர்கள் குறைவு. எந்நேரமும் ஒரே பக்கம் அடைத்துக்கொண்டு, மருந்துக்கும் மசியாமல் இருந்தால்தான் அந்த வளைவைச் சரிசெய்வது பற்றி யோசிக்க வேண்டும். அடைப்பு இடம் மாறி இடம் மாறி வருவது இயற்கை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் சற்று வீங்கும், மறுபக்கம் திறக்கும்.

அப்புறம், செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு 'மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது' என்று ஓடி வருகிறவர்கள் நிறைய. பக்கவாட்டில் இளஞ்சிவப்பாகத் தெரிவது டர்பினேட். எல்லோருக்கும் உள்ளது. உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அதுதான். உண்மையான மூக்குச் சதை வெளிறி, பளபளப்பாக இருக்கும், தொட்டாலும் வலிக்காது. அதை எண்டோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதே சரி.

இனி தலைவலி. ஒரு பக்கம், தெறிப்பு, வெளிச்சம் ஆகாமை, குமட்டல், மாதம் சில தடவை என்று நீங்கள் சொல்வதெல்லாம் மைக்ரேனின் அடையாளம். மைக்ரேன் வரும்போது முகத்துக்கும் மூக்குக்கும் உணர்வு தரும் நரம்பு தூண்டப்படுவதால் சிலருக்குக் கண் கலங்கும், மூக்கும் ஒழுகும். குனிந்தாலும் வலி கூடும். அதனால் சைனஸ் என்றே நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2004ல் வெளியான ஓர் ஆய்வில், 'சைனஸ் தலைவலி' என்று தாங்களே சொல்லிக்கொண்ட சுமார் 3,000 பேரைப் பரிசோதித்ததில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. சைனஸ் அழற்சியில் வலி தனியாக வராது. கெட்டியான மஞ்சள் பச்சைச் சளி, மூக்கடைப்பு, வாசனை தெரியாமை, சில நேரம் காய்ச்சல் இவற்றோடுதான் வரும். தலைவலி வரும் தேதி, நேரம், மாதவிடாய் நாள், சாப்பாட்டைத் தவிர்த்தது, தூக்கம் கெட்டது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நரம்பியல் மருத்துவரோ பொது மருத்துவரோ அதைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார். மைக்ரேனுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. இத்தனை நாள் வலியைத் தாங்கியது போதும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உங்கள் சொட்டு மருந்துதான். பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் என்று இருந்தால், அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறக்கும் மருந்து. மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள் போடலாம். அதற்கு மேல் போனால் மருந்தின் வேகம் இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். நான்கு மாதமாக நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தச் சுழலில். திடீரென்று இரண்டு பக்கமும் நிறுத்தினால் தூக்கம் போய்விடும். மருத்துவர் சொல்லும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை முதலில் தொடங்குங்கள். கொஞ்ச நாள் கழித்து ஒரு துளையில் மட்டும் சொட்டை நிறுத்துங்கள். அது திறந்துகொண்டதும் அடுத்த துளை. சில வாரங்களில் விடுபடலாம்.

ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம். மூக்கு ஸ்பிரேயிலிருந்து ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. ஆனால் அடிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், பாதிப் பேர் இதைத் தப்பாகச் செய்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்கிறார்கள். முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். வலது துளைக்கு இடது கை, இடது துளைக்கு வலது கை. பாட்டிலின் முனை அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும், நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது. தண்டிலேயே தினமும் பட்டால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்துவிட்டு மெல்ல மூச்சை இழுத்தால் போதும். சர்ரென்று உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை தினமும் போட வேண்டும்.

ஸ்பிரேக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவினால் இன்னும் நல்லது. கால் லிட்டர் தண்ணீருக்கு அயோடின் சேர்க்காத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீரைக் கட்டாயம் கொதிக்கவைத்து வெதுவெதுப்பாக ஆறவிட்டே எடுக்க வேண்டும். போர் தண்ணீரோ டேங்கர் தண்ணீரோ நேரடியாக வேண்டாம். தண்ணீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கு வழியே மூளைக்குப் போனால் உயிரையே எடுத்துவிடும். கேரளாவில் 2024, 2025ல் பலருக்கு அமீபா மூளைத்தொற்று வந்தது நினைவிருக்கும்.

அலர்ஜிக்குக் காரணம் உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கலாம். பெங்களூரின் காலி சைட்டுகளில் மழை விட்டதும் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் ஒரு சந்தேக நபர். வீட்டுக்குள் மெத்தை, தலையணையில் வாழும் நுண்பூச்சி இன்னொன்று. காலையில் எழுந்ததும் தும்மல் என்றால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் போகும். படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை நல்ல சுடுநீரில் துவையுங்கள். வீட்டைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைப்பது மேல். தேவைப்பட்டால் தோலில் அலர்ஜி டெஸ்ட் செய்து பார்க்கலாம்.

தொண்டையில் சளி இறங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூக்கிலும் சைனஸிலும் சேர்த்து நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை நீர்மமாகச் சுரந்து, மூக்கின் பின்வாசல் வழியாகத் தொண்டைக்கு வந்து, நமக்குத் தெரியாமலே விழுங்கப்படுகிறது. அலர்ஜியில் அது கெட்டியாவதால் தெரிகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள். செருமிக்கொண்டே இருக்காதீர்கள், அதனாலேயே தொண்டை புண்ணாகி இன்னும் செருமத் தோன்றும். ராத்திரி லேட்டாகச் சாப்பிட்டு உடனே படுப்பவர்களுக்கு வயிற்று அமிலம் மேலேறியும் இதே உணர்வு வரும்.

ஆபரேஷன் யாருக்குத் தேவை? 12 வாரத்துக்கு மேல் நீடிக்கும் சைனஸ் அழற்சி ஸ்பிரேக்கும் கழுவலுக்கும் அடங்காமல், ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பிலும் அடைப்பு தெளிவாகத் தெரிந்தால். மூக்குச் சதை வழியை அடைத்தால். பூஞ்சை இருந்தால். அப்போது தயங்கக் கூடாது. ஆனால் கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையானாலோ, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, எது ஒன்று வந்தாலும் அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மூக்கில் கறுத்த பொருக்கு வந்தாலும் அப்படியே. ஒரே பக்கம் ரத்தம் கலந்த சளி வந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். ஒரே பக்கம் நாற்றத்தோடு வந்தால் பல் டாக்டரையும் பாருங்கள், மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்ன சைனஸின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

உங்கள் பையனுக்குப் பெரும்பாலும் அடினாய்டு வீக்கமாக இருக்கும். மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே மறைந்திருக்கும் சதை அது. டான்சில் போல வாயைத் திறந்தால் தெரியாது. சின்ன வயதில் பெரிதாக இருந்து, பதின்பருவத்தில் சுருங்கிவிடும். நடுக்காதிலிருந்து வரும் குழாயின் வாய் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால், வீங்கினால் காதுக்குள் நீர் சேர்ந்து பிள்ளைக்குக் கேட்பதும் குறையலாம். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறானா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கவனியுங்கள். குறட்டை விடும்போது ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அவனை இந்த மாதமே காட்டிவிடுங்கள். கேட்கும் திறன் டெஸ்ட்டையும் அப்போதே செய்யச் சொல்லுங்கள்.