பலகைத் தளத்தில் ஓம மேடை: செங்கல் மட்டும் போதுமா?

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் எங்களுடையது பழைய கடைவீடு (கீழே கடை, மேலே வீடு). பூஜை அறை மேல்மாடியில், தரை முழுக்கப் பலகை. மாதாமாதம் சங்கடஹர சதுர்த்திக்குக் கணபதி ஓமம் செய்ய நிரந்தர மேடை வேண்டும். பலகை மேல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி மணல் பரப்பினால் போதும் என்கிறார் கொத்தனார். சரிதானா?

பதில்: சரியில்லை. செங்கல் சூட்டைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். குண்டத்தில் தீ அணைந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகுதான் அடிப்பலகைக்குச் சூடு முழுதாக வந்து சேரும். இப்படி மாதாமாதம் சுடுபட்ட மரம் மெல்லக் கருகும். கருகிய மரம் புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். பத்து தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்துப் பதினோராவது தடவையை நம்ப முடியாது. மணலும் பலகை இடுக்கு வழியே கீழே கொட்டிவிடும்.

மரத்தைக் காப்பாற்றுவது காற்று இடைவெளி. கணப்படுப்பு சகஜமான இங்கிலாந்தில் கட்டட வழிகாட்டி கேட்பது 125 மி.மீ. கனமுள்ள அடுப்புத் தளம். அதன் அடியில் மரம் இருந்தால் நடுவே குறைந்தது 50 மி.மீ. வெற்றிடம். நமக்கும் அந்தக் கணக்கே போதும்.

அடுத்தது எடை. வீட்டு மரத்தளத்துக்கு வழக்கமாகப் பிடிக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். 920 மி.மீ. சதுரத்தில் 230 மி.மீ. உயரத்துக்குச் செங்கல் கட்டினால் 370 கிலோ வந்துவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள்.

40 × 40 × 3 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் 920 மி.மீ. சதுரச் சட்டம், நடுவில் இரண்டு குறுக்குக் குழாய், தரையிலிருந்து 50 மி.மீ. தூக்கும் கால்கள். அதன் மேல் 12 மி.மீ. கால்சியம் சிலிகேட் பலகை (தீப்பற்றாத கட்டடப் பலகை, மரம் அல்ல). அதற்கு மேல் 100 மி.மீ. கனமுள்ள ஏஏசி கல் (காற்றுத் துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்; 600 × 200 அளவில் பத்து வாங்குங்கள், வெட்டுச் சேதாரம் உண்டு). உச்சியில் 230 × 114 × 32 மி.மீ. நெருப்புக்கல் (சூடு தாங்கும் செங்கல்) 32. எல்லாம் சேர்ந்து 140 கிலோ அளவில் நிற்கும். உயரம் ஒன்பதரை அங்குலம், குருக்கள் மணைபோட்டு உட்கார வசதியாகவே இருக்கும். நெருப்புக்கல்லுக்கு அதற்கான சாந்துதான். சாதாரண சிமெண்டுக் கலவை சூட்டில் உதிர்ந்துவிடும். கிரானைட், டைல்ஸ் மேலே வேண்டாம், வெடித்துத் தெறிக்கும்.

எல்லோரும் மறப்பது நெய். ஆகுதியில் வழியும் நெய் கல் இடுக்கில் இறங்கி அடியிலுள்ள தரைப்பலகையில் ஊறினால் நீங்களே திரி போட்டு வைத்த மாதிரி. இடுக்குகளைச் சாந்தால் முழுக்க நிரப்புங்கள், விளிம்பில் 20 மி.மீ. வரம்பு கட்டுங்கள், இடைவெளியில் தரைமேல் ஒரு துத்தநாகத் தகடு விரித்து வையுங்கள். அந்த இடைவெளியைத் தர்ப்பைக்கட்டும் சூடப் பெட்டியும் வைக்கும் அலமாரி ஆக்கிவிடாதீர்கள். எதிரெதிர் இரண்டு பக்கமாவது திறந்தே இருக்கட்டும்.

எங்கே வைப்பது? கடைவீட்டில் விட்டங்கள் பெரும்பாலும் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு ஓடும். அறையின் நடுவே விட்டம் அதிகம் வளையும், சுவரோரமே நல்லது. ஆனால் விட்டத்தின் முனை சுவருக்குள் ஈரத்தில் உளுத்திருக்கலாம். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். இறங்கினால் முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள், மேடை பிறகு. பலகையில் ஆணி வரிசை போகும் இடம்தான் விட்டம். மேடையின் கால்கள் அதன் மேல் உட்கார வேண்டும். ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். தனியாக நிற்கும் இந்த மேடைக்காகத் தளத்தை அறுக்க வேண்டியதில்லை. அறுப்பதாக இருந்தால் மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டுத்தான்.

பினாங்கு ஈரக்காற்றில் சாந்து மெல்லத்தான் காயும். இரண்டு, மூன்று வாரம் விடுங்கள், பிறகு சிறு தீயாக இரண்டு முறை மூட்டுங்கள். தீ அணைந்து ஒரு மணி நேரம் கழித்து இடைவெளிக்குள் கைவிட்டுத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் கால்களை இன்னும் உயர்த்த வேண்டும். ஏர்கோனை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டே ஓமம் செய்யுங்கள். சாம்பலை மறுநாள் வரை மூடியுள்ள இரும்பு வாளியில் வையுங்கள். வாளியையும் பலகை மேல் வைக்காமல் கீழே சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.