எதிர்காற்றில் லாரி ஓட்டும்போது டீசல் தீர்ந்துகொண்டே வந்தால், வேகமாகப் போய்ப் பெட்ரோல் பங்கை எட்டுவதா, மெதுவாகப் போவதா?

மெதுவாகப் போங்கள். அதற்கும் முன்னால், கண்ணில் படும் முதல் பங்கில் நிறுத்தி நிரப்பிவிடுங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்ட ஒரு நாள் உங்கள் மனத்தில் இருக்கிறது. எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவன். எட்டு டன் லாரி வைத்திருக்கிறேன். என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பதினாறு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். கடற்கரையில் டீசல் விலை குறைவு, உள்நாட்டில் அதிகம். ஆகவே 160 லிட்டர் டேங்கை டர்பனிலேயே நிரப்பிக்கொண்டு, வழியில் எங்கும் நிரப்பாமல் போவது என் வழக்கம். போய்ச் சேரும்போது இருபது லிட்டராவது மிஞ்சும்.

2023 ஆகஸ்ட், ஆடி மாதம். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜைக்காகத் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். மனைவியின் அண்ணன் மகன் உடன் வந்தான். வான் ரீனன் கணவாய் ஏறி முடிந்ததுமே காற்று பிடித்துக்கொண்டது. ஆகஸ்டில் ஃப்ரீ ஸ்டேட் சமவெளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: புல்லெல்லாம் காய்ந்து, பாதி எரிந்து கறுத்துக் கிடக்கும், தடுக்க ஒரு மரம் இருக்காது. வடமேற்கிலிருந்து புழுதியோடு வந்து நேராக முகத்தில் அறைந்தது. தார்ப்பாய் பின்னால் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது.

வழியிலுள்ள ஹாரிஸ்மித் ஊரில் ஊசி இருக்க வேண்டிய இடத்துக்குக் கீழே இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் நிற்கவில்லை. அடுத்து வரும் வார்டன் ஊரை நெருங்கும்போது டீசல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அங்கே பங்குக்குள் திருப்பினால், மின்வெட்டு. ஜெனரேட்டர் இல்லை, பம்பு ஓடாது. இரண்டு மணி நேரத்தில் மின்சாரம் வந்துவிடும் என்றார் பணியாளர். “மாமா, இருந்து போட்டுக்கொண்டே போகலாம்” என்றான் பையன். கோயிலில் காத்திருப்பார்கள் என்ற ஒரே எண்ணம் எனக்கு. வழியில் அடுத்திருந்த வில்லியர்ஸ் ஊருக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். கிளப்பிவிட்டேன்.

நீங்கள் கேட்ட கணக்கு இங்கேதான் வருகிறது. இங்கே கனரக லாரிக்கு உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். 40 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் வண்டியின் முகத்தில் மோதுவது 120. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது காற்றில்லாத நாளைப் போல இரண்டே கால் மடங்கு. வேகத்தை 60-க்கு இறக்கினால் மோதுவது 100, தடையில் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் டீசல் மிஞ்சும் என்று நினைப்பவர்கள் இதைப் போட்டுப் பார்க்க வேண்டும். மொத்த டீசலும் இதே விகிதத்தில் குறையும் என்று நான் சொல்லவில்லை; சுமை, ஏற்றம், டயர் எல்லாம் இருக்கின்றன. பொறியியல் படித்தவர்கள் அதற்காகச் சண்டைக்கு வர வேண்டாம். ஊர்ந்து போகவும் சொல்லவில்லை. மேல் கியரில் எஞ்சின் திணறாமல் இழுக்கும் வேகம் போதும். இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். கியரில் இருந்தபடி காலை எடுத்தால் இன்றைய டீசல் எஞ்சின்களில் பெரும்பாலானவை டீசலை நிறுத்திவிடும்; நியூட்ரலில் அது குடித்துக்கொண்டுதான் இருக்கும், எஞ்சின் பிரேக்கும் போய்விடும்.

நான் 60-இல்தான் போனேன். இருந்தும் வில்லியர்ஸுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் இரண்டு முறை விக்கிவிட்டு நின்றது. இருட்டிவிட்டது. சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒதுக்கி, பின்னால் நாற்பத்தைந்து மீட்டர் நடந்து எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தேன். நின்ற கொஞ்ச நேரத்தில், பக்கியில், அதாவது பிக்கப் வண்டியில், வந்த ஆஃப்ரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) விவசாயி ஒருவர் நிறுத்தி 25 லிட்டர் கேன் ஒன்றைக் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். ஒரு சீப்பு வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

டீசல் ஊற்றினால் மட்டும் வண்டி கிளம்பாது. குழாயில் காற்று புகுந்திருக்கும், எடுத்தாக வேண்டும். பையன் கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, ஃபில்டரின் மேலிருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். முதலில் வெறும் காற்று. பிறகு நுரை. நகம் வலிக்க அழுத்திய பிறகுதான் குமிழி இல்லாத டீசல் ஒரே இழையாக வழிந்தது. காமன் ரெயில் எஞ்சின்காரர்கள் (டீசலை உயரழுத்தத்தில் பொதுக் குழாய் ஒன்றில் தேக்கி எஞ்சினுக்குத் தெளிக்கும் வகை) இன்னும் எச்சரிக்கையாக இருங்கள்: அந்த உயரழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, காய்ந்து ஓடினால் பம்பே போய்விடும்.

சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போன முறை நான் பதில் எழுதியபோது, “தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குத்தான் தமிழே தெரியாதே, யார் எழுதித் தந்தார்கள்?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் ஒப்பந்தக் கூலி ஆட்களை இறக்கியது 1860 நவம்பர் 16-இல். அதற்குப் பின் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே மொழியைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களின் பேரன் நான். என் ஆயா தரையில் சாம்பலைப் பரப்பி என் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார். என் மனைவி திருச்சிக்காரர், வீட்டில் நாங்கள் பேசுவது தமிழ். பலர் மொழியை இழந்துவிட்டார்கள் என்பது உண்மைதான், அது எங்களுக்கு வலிக்கிற உண்மை. அதைக் குத்திக்காட்டும் பொருளாக எடுக்காதீர்கள்.

லெனேசியா போய்ச் சேர இரவு பதினொன்றாகிவிட்டது. கோயில் வாசலில் விளக்கை அணைக்காமல் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பையன் ஒரு வார்த்தை சொல்லாமல் தேங்காய் மூட்டைகளை இறக்கினான்.

டர்பன் திரும்பியதும் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். டேங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் படிந்திருந்த கசடு முழுவதும் அதில் வந்து சேர்ந்திருந்தது, விரலில் தொட்டால் மை போல ஒட்டியது. டேங்கைக் கழுவிப் புது ஃபில்டர் போட்டேன். இப்போது ஆகஸ்டில் ஹாரிஸ்மித்திலேயே நிரப்பிக்கொள்கிறேன்.