டாக்டர் ஏன் ஸ்க்ரீனையே பார்க்கிறார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், செக்கப்புக்குப் போனா பாதி நேரம் கீபோர்டைத் தட்டுற சத்தம்தான் கேக்குது. நான் சொன்னது அவர் காதுல விழுந்துச்சான்னே தெரியல. அப்படி என்னதான் டைப் பண்றீங்க எல்லாரும்?

பதில்: உங்க வருத்தம் நியாயமானதுங்க, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எங்களுக்கும் அதே வருத்தம்தான். நீங்க சொன்ன தொந்தரவு, நாங்க பார்த்தது, என்னவா இருக்கும்னு நினைக்கிறோம், ஏன் இந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த டெஸ்ட், இதெல்லாம் எழுதியே ஆகணும், அடுத்து உங்களைப் பார்க்கப்போற டாக்டருக்கு அதுதான் ஆதாரம். அதோட நிக்கிறதில்ல. இன்ஷூரன்ஸ் அனுமதிக்கு லெட்டர், பில்லிங் கோட், லேப் ரிசல்ட்டுக்கு பதில், ஆடிட்டுக்கு டிக் பண்ண வேண்டிய கட்டங்கள்னு அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போகும். 2016-ல அமெரிக்காவுல 57 டாக்டர்கள் கூடவே இருந்து கவனிச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, நோயாளியோட நேருக்கு நேர் செலவழிக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிட்டத்தட்ட 2 மணி நேரம் கம்ப்யூட்டர்லயும் மேசை வேலையிலயும் போகுதுன்னு. வீட்டுக்குப் போயும் ராத்திரி ஒண்ணு ரெண்டு மணி நேரம் இதே வேலை. அடுத்த வருஷம் குடும்ப டாக்டர்களை வச்சுப் பண்ண இன்னொரு ஆய்வுல, 11.4 மணி நேர வேலை நாள்ல 5.9 மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி!

கம்ப்யூட்டரே வேண்டாம்னு நான் சொல்ல வரல. கிறுக்கல் எழுத்தால மருந்து மாறிப்போன காலம் போனது பெரிய விஷயம். ஆனா சிகிச்சைக்காக ஆரம்பிச்ச ரெக்கார்டுல பில்லுக்கு, கோர்ட்டுக்கு, கணக்கெடுப்புக்குன்னு ஆளாளுக்கு ஒரு கட்டத்தைச் சேர்த்துட்டாங்க, எடுக்கிறதுக்கு மட்டும் யாரும் வரல.

கேள்வி: நான் போற இடத்துல டாக்டர் பக்கத்துல ஒரு பொண்ணு உட்கார்ந்து எழுதுறாங்க, ஸ்க்ரைப்னு சொன்னாங்க. மூணாவது ஆள் இருக்கும்போது எப்படி மனசு விட்டுப் பேசுறது? அவங்களுக்கு மருத்துவம் தெரியுமா?

பதில்: பல பேர் மருத்துவமோ நர்ஸிங்கோ படிக்கப் போறவங்க, இதுக்குன்னு பயிற்சி எடுத்துட்டு வர்றாங்க. அவங்க வேலை எழுதுறது மட்டும்தான், உங்களைத் தொட்டுப் பார்க்கிறதோ முடிவு எடுக்கிறதோ கிடையாது, கடைசியில படிச்சு கையெழுத்து போடறது டாக்டர், பொறுப்பும் அவரோடது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், டாக்டர் பார்க்கிறதை வாய்விட்டுச் சொல்லியாகணும், "வலது பக்கம் அமுக்கினா வலிக்குது, வீக்கம் இல்ல"ன்னு. அப்போ நோயாளிக்கும் தன் உடம்புல என்ன நடக்குதுன்னு அங்கயே புரியுது.

ஆஸ்திரேலியாவுல 5 ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில பண்ண ஆய்வு 2019-ல வெளிவந்துச்சு, ஸ்க்ரைப் இருந்தப்போ ஒரு டாக்டர் ஒரு மணி நேரத்துல பார்க்கிற நோயாளிகள் சுமார் 16 சதவீதம் கூடுச்சு, நோயாளி அங்க இருக்க வேண்டிய நேரமும் 19 நிமிஷம் போல குறைஞ்சுச்சு. ஆனா மிச்சமாகிற நேரம் பூராவையும் இன்னும் நாலு நோயாளியைச் சேர்க்கவே நிர்வாகம் எடுத்துக்கிட்டா டாக்டரோட களைப்பு அப்படியேதான் இருக்கும், எனக்கு அந்தக் கவலை உண்டு. இன்னொண்ணு, நல்லா பழகின ஸ்க்ரைப் காலேஜ் சீட் கிடைச்சதும் கிளம்பிடுவாங்க, மறுபடி புது ஆளுக்கு முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும்.

உங்க கூச்சத்துக்கு வழி இருக்கு. "இதை டாக்டர்கிட்ட மட்டும் சொல்லணும்"னு சொல்லுங்க, அவங்க வெளிய போயிடுவாங்க. தயங்கவே வேண்டாம்.

கேள்வி: அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ மேசையில போனை வச்சு "ஏஐ நோட்ஸ் எடுக்கும், சரியா?"ன்னு கேட்டாங்க. சரின்னுட்டோம். இப்போ பயமா இருக்கு. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து பேச்சு விட்டு விட்டுதான் வரும்.

பதில்: பயப்பட வேண்டாம், ஆனா கவனமா இருக்க வேண்டிய இடம்தான் இது. அந்த ஏஐ நீங்க பேசுறதை முதல்ல எழுத்தாக்கும், அப்புறம் அதுல இருந்து தேவையானதைப் பொறுக்கி நோட் மாதிரி ஒரு வரைவு போட்டுக் குடுக்கும், டாக்டர் திருத்தி கையெழுத்து போடணும். அமெரிக்காவுல பெர்மனென்ட்டே மெடிக்கல் குரூப்ங்கிற பெரிய டாக்டர்கள் குழுமம் 2023 அக்டோபர்ல இதைக் கொண்டுவந்து, 10 வாரத்துல 3,000-க்கும் மேல டாக்டர்கள் 3 லட்சம் சந்திப்புக்கு மேல பயன்படுத்தினாங்க. டைப் பண்ற நேரம் மிச்சம், நோயாளி முகத்தைப் பார்த்துப் பேச முடியுதுன்னு பல டாக்டர்கள் நிஜமாவே சந்தோஷப்பட்டாங்க.

ஆனா உங்க அம்மா விஷயத்துல ஒண்ணு முக்கியம். விஸ்பர்ங்கிற பேச்சை எழுத்தாக்குற மென்பொருளைச் சோதிச்ச ஒரு ஆய்வு 2024-ல வந்துச்சு, சுமார் 1 சதவீத ஒலிப்பதிவுகள்ல யாருமே சொல்லாத வாக்கியங்களை அதுவா சேர்த்திருக்கு, பக்கவாதம் மாதிரி காரணத்தால பேச்சு தடைபட்டவங்க பேசின பதிவுகள்ல, அது இன்னும் கூடுதலா நடந்திருக்கு, நடுவுல மௌனம் அதிகமா இருக்கிறது காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. அதனால அடுத்த தடவை டாக்டர்கிட்ட "அம்மா பேச்சு இப்படி இருக்கு, வரைவை எங்க முன்னாடியே ஒரு தடவை படிச்சுடுங்க"ன்னு கேளுங்க. "நெஞ்சுவலி இல்ல"ங்கிறதுல "இல்ல" மட்டும் விழுந்துட்டா கதையே மாறிடும், இங்கிலீஷ்ல சொல்ற பதினஞ்சும் அம்பதும் காதுக்கு ஒண்ணாவே கேக்கும். கண்ணால பார்த்ததை யாராவது வாயால சொன்னாத்தான் நோட்ல வரும், அம்மா காலை இழுத்து நடந்து வந்ததை அந்த போன் பார்க்கல.

ஆடியோ எங்க போகுது, எத்தனை நாள் வச்சிருப்பாங்க, வேற எதுக்காவது பயன்படுத்துவாங்களான்னும் கேளுங்க. வேண்டாம்னு சொல்லவும் செய்யலாம், அதுக்காக சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. நோட்டோட காப்பி வாங்கி மருந்து பேர், அளவு, அலர்ஜி, இடதா வலதா இதை மட்டுமாவது சரிபாருங்க.

கேள்வி: நான் சின்ன கிளினிக்ல வேலை பார்க்கிற இளம் டாக்டர். ஸ்க்ரைப் வைக்க வசதி இல்ல, ஏஐ மேல நம்பிக்கை வரல. தினமும் ராத்திரி உட்கார்ந்துதான் நோட்ஸ் முடிக்கிறேன். வேற வழி?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். யாரு எழுதுறதுங்கிறது ரெண்டாவது கேள்விதான் தம்பி, இதை எதுக்கு எழுதுறோம்னு முதல்ல கேக்கணும். ஹவாய் பசிபிக் ஹெல்த்னு ஒரு ஆஸ்பத்திரிக் குழுமம், 2017-ல ஊழியர்கள்கிட்டயே "ரெக்கார்டுல எது வீண்னு நினைக்கிறீங்க, சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. நர்ஸுங்க ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியைப் பார்த்ததுக்கு ஒரு கிளிக் பண்ணணுமாம், ஒரு தடவைக்கு 24 செகண்டு, கணக்குப் போட்டா 4 ஆஸ்பத்திரியில மாசத்துக்கு சுமார் 1,700 மணி நேரம்! அதை எடுத்துட்டாங்க. நர்ஸுங்க நோயாளியைப் பார்க்கப் போறது நிக்கல, கிளிக் மட்டும்தான் போச்சு.

அடுத்தது காப்பி பேஸ்ட். பழைய நோட்டை அப்படியே ஒட்டினா நேரம் மிச்சம்னு தோணும், ஆனா அடுத்த தடவை அந்தக் குப்பைக்குள்ள தேடப்போறது நீங்கதான். 10 கோடிக்கு மேல நோட்டுகளை அலசின 2022 ஆய்வு ஒண்ணுல பாதி எழுத்து பழசுல இருந்து அப்படியே வந்ததுதான்னு தெரிஞ்சுச்சு. மாறினதை மட்டும் நாலு வரி எழுதுங்க. மருந்து லிஸ்ட்டை நோயாளி உள்ள வர்றதுக்கு முன்னாடியே நர்ஸ் சரிபார்த்து ஏத்திடலாம். ஸ்க்ரீனை நோயாளி பக்கம் திருப்பி அவங்க முன்னாடியே முடிச்சுடுங்க, தப்பு இருந்தா அவங்களே சொல்லிடுவாங்க, ராத்திரிக்கு மிஞ்சாது.

அப்புறம் கிளினிக் மீட்டிங்ல நீங்க நிரப்புற எல்லா ஃபார்மையும் மேசையில வச்சு, இதை யாரு படிக்கிறாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் கேளுங்க, சட்டம் கேக்கிறதைத் தனியா எடுத்து வச்சுட்டு, படிக்கிறவங்க பேரை யாராலயும் சொல்ல முடியாத ஃபார்மை ஒரு மாசம் நிறுத்திப் பார்க்கலாம்னு நிர்வாகத்துகிட்ட எழுத்துல வாங்கிடுங்க.